முழங்கால் இருந்த இடம்

இங்கிலாந்தின் வால்சால் நகருக்குப் பக்கத்து ஊரில் ஒரு கடை. முன்பக்கம் புதிய கடிவாளங்களும் தலைக்கவசங்களும். பின்கட்டில் பழைய சேணங்கள். உள்ளே நுழைந்ததும் தோலும் மெழுகும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறும். சுவரில் அடித்த மரக்கட்டைகளின் மேல் நாற்பது சேணங்களாவது வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் அண்ணன் மகள் பர்மிங்காமில் குதிரையேற்றம் பழகுகிறாள், வயது பதினாறு. சொந்தமாக ஒரு சேணம் வாங்கித் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு, வேலை வந்துவிட்டதால் என்னை அனுப்பியிருந்தார்.

அவள் நேராகப் போய் ஒரு பழுப்புச் சேணத்தைத் தொட்டாள். அதில் கட்டியிருந்த அட்டையில் மூன்று விஷயங்கள் மட்டும்: 17 அங்குலம், நடுத்தர அகலம், 140 பவுண்டு. எதற்கான சேணம் என்று ஒரு சொல்லும் இல்லை.

"இது தாண்டுறதுக்கா, டிரெஸ்ஸாஜுக்கா, சித்தப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சேணத்திலேயே எழுதியிருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்த ஒரு தாடையெலும்பைப் பார்த்து, இந்த விலங்கு புல் மேய்ந்ததா இறைச்சி தின்றதா என்று சொல்கிறார்களே, அதே வகைப் படிப்புதான் இதுவும். உருவத்திலிருந்து வேலையைக் கண்டுபிடிப்பது. எலும்பில் பல்லைப் பார்ப்போம். சேணத்தில் தேட வேண்டியது முழங்காலை. இதன் மேல் உட்கார்ந்தவரின் முழங்கால் எங்கே இருந்திருக்கும்? அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவிழும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உயரமான முக்காலி ஒன்றில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். தொடை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இப்போது பாதங்களுக்கடியில் தடித்த புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். முழங்கால் மேலே ஏறும். கூடவே முன்னாலும் நகரும். தொடையெலும்பின் நீளம் மாறாது, இடுப்பு மூட்டும் இடம் மாறாது; ஆகவே முழங்கால் ஒரு வட்டத்தின் விளிம்பில்தான் நகர முடியும். தொடை 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சரிந்திருந்தால் முழங்கால் இடுப்புக்கு 21 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். 35 பாகைக்கு உயர்ந்தால் 34 சென்டிமீட்டருக்குப் போய்விடும். பக்கவாட்டில் பார்த்தால் 13 சென்டிமீட்டர் வித்தியாசம், அரைச் சாணுக்கும் கூடுதல்.

புத்தக அடுக்குதான் பாதத்தைத் தாங்கும் அங்கவடி. அங்கவடி வாரை ஏற்றிக் கட்டினால் முழங்கால் முன்னே போகும். இறக்கிக் கட்டினால் பின்னே வந்து கீழே இறங்கும். முழங்கால் போகும் இடத்திலெல்லாம் அதற்கடியில் தோல் இருக்க வேண்டும். இருபுறமும் தொங்கும் அகலமான தோல்மடல் அதற்காகத்தான். மடல் முன்னால் வளைந்து நீண்டிருந்தால், அங்கவடி குட்டையாக இருந்தது என்று பொருள். மடல் நேராகக் கீழே இறங்கினால், நீண்ட காலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று பொருள்.

இந்த வித்தியாசமே நூற்றிருபது ஆண்டு வயதுள்ளதுதான். அதற்கு முன் ஐரோப்பியக் குதிரைப்படையினர் வேலி தாண்டும்போது நீண்ட அங்கவடியில் காலை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்தார்கள். விழாமல் இருக்க அதுதான் வழி என்று நம்பினார்கள். ஃபெடெரிகோ காப்ரில்லி என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி, 1868இல் பிறந்தவர், இதைக் குதிரையின் பக்கமிருந்து யோசித்தார். தனியாக விட்டால் குதிரை எப்படித் தாண்டுகிறது? கழுத்தை நீட்டுகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது, முன்கால்களில் இறங்குகிறது. அதே நேரத்தில் மேலே இருப்பவர் பின்னால் சாய்ந்தால், கடிவாளம் வாயைக் கிழிக்கும். அவருடைய எடை இடுப்பில் வந்து இடிக்கும். காப்ரில்லி அங்கவடியை ஏற்றிக் கட்டினார். இருக்கையை விட்டு எழுந்து முன்னே குனிந்தார். குதிரை நகரும் பக்கமே தானும் நகர்ந்தார். பினெரோலோவிலும் ரோமுக்கு அருகே டோர் டி குயின்டோவிலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் இந்த முறை வேரூன்றியது. பல நாட்டு அதிகாரிகள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். அவர் 1907இல் டூரினில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பழைய நேர்மடல் சேணத்தில் முன்னே குனிந்தால் முழங்கால் தோலைத் தாண்டி வெளியே போய்விடும். சேணம் செய்பவர்கள் மடலை முன்னே வெட்ட ஆரம்பித்தது இதனால்தான். இன்று கடையில் தொங்கும் ஒவ்வொரு தாண்டுசேணத்தின் வளைவும் அந்த மனிதரின் முழங்காலிலிருந்து பிறந்தது.

பந்தயச் சேணம் இதே தர்க்கத்தின் கடைசி எல்லை. 1897இல் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்துக்கு வந்து, அங்கவடியை மிகக் குட்டையாகக் கட்டிக் குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் குனிந்து ஓட்டினார். குரங்கு என்று கேலி செய்தார்கள். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் கேலி சீக்கிரமே நின்றது. மற்றவர்களும் அதே போல உட்கார ஆரம்பித்தார்கள். இதன் இயற்பியலை லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் உடல் ஒவ்வோர் எட்டிலும் கொஞ்சம் வேகம் கூடிக் கொஞ்சம் வேகம் குறைகிறது. மேலும் கீழும் ஆடுகிறது. சேணத்தில் அழுந்தி உட்கார்ந்தவரையும் சேர்த்து அது ஒவ்வோர் எட்டிலும் தள்ள வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். குனிந்து நிற்கும் ஜாக்கி தன் முழங்காலை மடக்கி நீட்டி அந்த ஆட்டத்தை உள்வாங்கிக்கொள்கிறார். அவருடைய உடல் ஏறக்குறைய ஒரே சீராக முன்னே போகிறது. குதிரை அவர் எடையைச் சுமக்கிறது, ஆனால் அவரை ஆட்டுவதில்லை. இந்த முறை பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்தன. இப்படி நிற்பவருக்கு இருக்கையே தேவையில்லை. அதனால் பந்தயச் சேணம் அரைக் கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். கையில் எடுத்தால் தெரிந்துவிடும், அதைக் கண்டுபிடிக்க வேறு அடையாளம் வேண்டாம்.

டிரெஸ்ஸாஜ் இதற்கு நேர் எதிர்த் திசை. குதிரையை நுணுக்கமாக நடக்கவும் திரும்பவும் வைக்கும் கலை அது. ஓட்டுபவர் பெரும்பாலும் எழ மாட்டார். இடுப்பால் பேச வேண்டும், காலால் தொட்டுச் சொல்ல வேண்டும். எனவே நீண்ட கால், நேர்மடல், குழிந்த இருக்கை, தொடைக்கு முன்னால் பெரிய திண்டு. மடலைத் தூக்கிப் பார்த்தால் இன்னோர் அடையாளம்: வயிற்றுப்பட்டையை மாட்டும் வார்கள் மடலுக்குக் கீழே நீளமாகத் தொங்கும். குட்டை வாராக இருந்தால் கொக்கிகள் சரியாக ஓட்டுபவரின் காலுக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவே வந்து புடைத்துக்கொண்டு நிற்கும். காலால் பேசுபவருக்கு அது வாய்க்குள் கூழாங்கல் போல. வாரை நீட்டினால் கொக்கி கீழே, குதிரையின் முழங்கை அருகே போய்விடும். தாண்டுசேணத்தில் முழங்கால் முன்னே போய்விடுவதால் அந்தத் தொல்லை குறைவு, குட்டை வாரே போதும்.

நடுவில் பொதுச் சேணம் என்று ஒன்று உண்டு. மடல் கொஞ்சம் முன்னே, இருக்கை கொஞ்சம் குழிவு, திண்டு நடுத்தரம். கற்பவர்களுக்கு அதுதான் ஏற்றது என்பது என் கருத்து. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்க்கிற வயதில் ஒரே வேலைக்கான கருவியைக் கொடுப்பது கெடுதல். போலோச் சேணம் தட்டையாக, திண்டு இல்லாமல் இருக்கும். மட்டையை வீச உடம்பு எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டுமே. பெண்கள் இரு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்காரும் சேணத்தில் இடப்பக்கம் இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், யாரும் தவறவிட மாட்டார்கள்.

இனி அந்தப் பழுப்புச் சேணம்.

மடல் நேராக இருந்தது. டிரெஸ்ஸாஜ் என்று முடிவு கட்டிவிடத் தோன்றியது. அவளும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் இருக்கையில் கையை வைத்தபோது அது குழியவில்லை. தோசைக்கல் போலத் தட்டையாக இருந்தது. மடலைத் தூக்கினேன். திண்டு இல்லை. வார்கள் குட்டை. கீழே குதிரையின் முதுகில் படும் மெத்தை, வழக்கமாக மடலின் அடிவரை இறங்குவது, இதில் பாதியிலேயே நின்றுவிட்டது. ஓட்டுபவருக்கு எந்தப் பிடிமானமும் தராத சேணம். அப்படியானால் யாருக்காக?

கடைக்காரப் பாட்டி எங்களைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "பக்கவாட்டில் நின்று பாரம்மா. மடலைப் பார்க்காதே. மடலுக்கு முன்னால் என்ன தெரியும்?"

முன்னால் குதிரையின் தோள் தெரியும். இங்கிலாந்தில் குதிரைகளுக்கு அழகுப் போட்டி நடத்துவார்கள். நடுவர் களத்தின் நடுவே நின்று குதிரையின் அமைப்பைப் பார்ப்பார். சாய்ந்த, நீண்ட தோளுக்கு மதிப்பு அதிகம். முன்னே வளைந்த மடல் அந்தத் தோளை மறைத்துவிடும். மடலை நேராக வெட்டி, மெத்தையைப் பாதியாக்கி, எல்லாவற்றையும் தட்டையாக்கினால் குதிரை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். இது நடுவரின் கண்ணுக்காகச் செய்த சேணம்.

முழங்காலைத் தேடுங்கள் என்று சொன்னேன். அது ஒரு வாசலைத்தான் திறக்கும். நேர்மடல் சொன்னது நீண்ட கால் என்பதை மட்டுமே. அந்தக் காலை ஏன் அங்கே வைத்தார்கள் என்பதை இருக்கையின் ஆழமும் வாரின் நீளமும் மெத்தையின் அளவும் சேர்ந்துதான் சொல்கின்றன. ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. மூன்றாவது ஒத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும்.

அதைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு கறுப்புச் சேணத்தை எடுத்தோம். மடல் மிதமாக முன்னே வளைந்தது, திண்டு சின்னது, இருக்கையில் ஒரு சிறு பள்ளம். தாண்டலின் பக்கம் சற்றே சாய்ந்த பொதுச் சேணம். என்ன வேலைக்கு என்று தெரிந்தாகிவிட்டது. இனி, அந்த வேலையை இன்னும் செய்யுமா என்று பார்க்க வேண்டும்.

சேணத்துக்குள்ளே ஒரு சட்டகம் இருக்கிறது. அதை ஆங்கிலேயர் மரம் என்றே சொல்கிறார்கள், ட்ரீ. அடுக்கி ஒட்டிய பீச் மரப் பலகையும் எஃகுத் தகடுகளும் சேர்ந்தது. சில வகை முழுக்கப் பிளாஸ்டிக். தோல் எவ்வளவு பளபளத்தாலும் சட்டகம் உடைந்த சேணம் குப்பைக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். சேணத்தின் பின்மேட்டை வயிற்றில் ஊன்றி, முன்வளைவை இரு கையாலும் தன்பக்கம் இழுக்க வேண்டும். எஃகு வில் வைத்த சட்டகம் கொஞ்சம் வளைந்து உடனே திரும்பும். திரும்பாமல் தொய்ந்தாலோ, உள்ளே முனகல் கேட்டாலோ, இருக்கைத் தோலில் குறுக்காகச் சுருக்கம் விழுந்தாலோ வேண்டாம். அடுத்து முன்வளைவின் இரு கால்களையும் பிடித்து அகட்டிப் பார்க்க வேண்டும்; அங்கே அசைவே இருக்கக்கூடாது. கறுப்புச் சேணம் இரண்டிலும் தேறியது.

வயிற்றுப்பட்டை வார்கள் மூன்று. தோலை மடக்கிப் பார்த்தேன். நடு வாரில் நரம்பு நரம்பாக வெடிப்பு. தோல் பதனிடுவதில் சாயம் ஏற்றுவதும் மினுக்குவதும் பிறகுதான். முதலில் டானின் என்ற தாவரப் பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. இங்கிலாந்தின் பழைய பட்டறைகள் ஓக் மரப்பட்டையிலிருந்து எடுத்ததை நம் பக்கத்துப் பதனிடுவோர் ஆவாரம்பட்டையிலிருந்து எடுத்தார்கள். அந்த இழைகளுக்கு இடையே எண்ணெய்ப்பசை இருக்கும்வரை அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். எண்ணெய் காய்ந்தால் வழுக்காமல் முறியும். வெடித்த வாருக்கு எண்ணெய் பூசிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அது பெரிய செலவு இல்லை. ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: முதல் வார் தனி நாடாவில் தைத்திருக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாடாவில். வயிற்றுப்பட்டையை மாட்டும்போது முதல் வாரோடு மற்ற இரண்டில் ஒன்றைச் சேர்த்தால், ஒரு நாடா அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பின்னிரண்டில் மட்டும் மாட்டினால் உயிரை ஒரே நாடாவில் தொங்கவிடுகிறோம்.

இவ்வளவும் பார்த்தது மனிதர் பக்கம். சேணத்தின் கீழ்ப்பக்கம் குதிரையினுடையது. குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் இந்தப் பக்கத்தை நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன்.

குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. நம் தோள் காறையெலும்பின் வழியாக மார்புக்கூட்டோடு இணைந்திருக்கிறது. குதிரையின் தோள்பட்டை எலும்போ தசையாலும் நாராலும் மட்டுமே உடம்போடு ஒட்டியிருக்கிறது. முன்கால் முன்னே நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னால் சரிகிறது. சேணத்தை அதன் மேல் வைத்துவிட்டால் ஒவ்வோர் எட்டிலும் எலும்பு சட்டகத்தில் முட்டும். ஆகவே சேணம் தோள்பட்டைக்குப் பின்னால் தொடங்க வேண்டும். பின்னால் எல்லை கடைசி விலா. குதிரைக்குப் பதினெட்டு சோடி விலாக்கள். பதினெட்டாவது மார்பு முள்ளெலும்பைத் தாண்டிச் சேணத்தின் பாரம் போகக்கூடாது. அதற்கப்பால் இடுப்புப் பகுதி, கீழே தாங்க விலாக்கள் இல்லை. நடுவே முதுகெலும்பின் மேல் எதுவும் படக்கூடாது. மெத்தையின் இரு பாதிக்கும் நடுவே உள்ள வாய்க்கால் அதற்குத்தான்.

மிச்சமிருக்கும் இரண்டு பட்டைகளில்தான் எல்லாப் பாரமும். 60 கிலோ எடையுள்ளவர், 1200 சதுர சென்டிமீட்டர் மெத்தை என்று வைத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சராசரியாக 50 கிராம் தாங்கும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் குதிரை நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறி, மேலே இருப்பவர் எழாமல் உட்கார்ந்திருந்தால், ஒவ்வோர் எட்டிலும் உச்ச விசை எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதோடு பாரம் ஒருபோதும் சமமாகப் பரவாது. சட்டகம் குறுகலாக இருந்தால், கழுத்தடியில் உயர்ந்திருக்கும் தோள்மேட்டின் இருபுறமும் இரண்டு சிறு இடங்கள் கிள்ளப்படும். அகலமாக இருந்தால் முன்பகுதி கீழே இறங்கித் தோள்மேட்டையே அழுத்தும். அழுத்தம் நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தத்தை மீறிவிட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. நாள்பட நிறமிச் செல்கள் செத்து, அங்கே வெள்ளை முடி முளைக்கும். பழுப்புக் குதிரையின் முதுகில் இரண்டு வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தால், எப்போதோ ஒரு பொருந்தாத சேணம் அங்கே இருந்தது என்று அறியலாம்.

கறுப்புச் சேணத்தை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தார் பாட்டி. லாயத்தில் அவள் ஓட்டும் குதிரையின் மேல் துணி எதுவும் போடாமல் நேராக முதுகில் வைத்தோம். தோள்மேட்டுக்கும் முன்வளைவுக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. பின்னால் நின்று பார்த்தால் வாய்க்காலின் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மெதுவாகத் தூக்கினாள். முடி முழுக்க வியர்வையில் நனைந்து இருண்டிருந்தது. வலப்பக்கம், தோளுக்குப் பின்னால் மட்டும், உள்ளங்கை அளவுக்கு ஓர் உலர்ந்த திட்டு.

உலர்ந்த இடத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மெத்தை அங்கே படவே இல்லை. அல்லது வியர்வை வராத அளவுக்கு அழுத்துகிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சேணத்தைத் திரும்ப வைத்து மெத்தைக்கடியில் விரலை நுழைத்தேன். நுழையவில்லை.

மறுநாள் வந்த சேணம் செய்பவர், அறுபது வயதுக்காரர், சேணத்தைத் தலைகீழாக மடியில் வைத்து மெத்தையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். "முன்னால் வைத்திருந்தவர் தரையிலிருந்தே ஏறியிருப்பார்," என்றார். இடப்பக்க அங்கவடியில் முழு எடையையும் போட்டு ஏறும்போது சேணம் இடப்பக்கம் இழுபடும். அதைத் தடுத்து நிறுத்துவது தோள்மேட்டின் வலப்பக்கம் போய் முட்டும் மெத்தைதான். ஆண்டுக்கணக்கில் நாளுக்கு ஒருமுறை அந்த ஒரே இடம் நசுங்கியிருக்கிறது. மெத்தைக்குள் இருப்பது ஆட்டுக் கம்பளி. அதன் இழைகளின் மேல் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் செதிலும் செதிலும் பின்னிக்கொண்டு பிரியாது.

தையலோரம் இருந்த சிறு வாயைத் திறந்து, நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் கிளறினார். எலுமிச்சம்பழ அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்று வெளியே வந்தது. அதைத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலை மூடி அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு, சித்தப்பா."

அவர் பக்கத்திலிருந்த பையிலிருந்து புதுக் கம்பளியைப் பிடி பிடியாக எடுத்துப் பிரித்து, அந்தக் குழிக்குள் நிரப்ப ஆரம்பித்திருந்தார்.